ஐந்தாம் தேதிக் கணக்கும் டிரான்ஸ்பர் ஆர்டரும்: பணித்தளத்தில் கீழ்ப்படிதல்

அர்ப்பணிப்புக் கூட்டத்தில் முழங்காலில் நின்று, "எங்கே அனுப்பினாலும் போகிறேன், ஆண்டவரே" என்று சொல்வது பெரிய கஷ்டமல்ல. அன்றைக்கு வரும் கண்ணீர் உண்மையான கண்ணீர்தான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பரீட்சை வைக்கப்படுவது அங்கே அல்ல. மாதக் கணக்கு ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும், இரண்டு வவுச்சர் காணவில்லை, மணி இரவு பத்தரை, கரண்ட் இல்லை. பரீட்சை அப்போது வருகிறது. மூன்று வருஷம் நடந்து தேய்ந்து, நாலு குடும்பம் ஒன்றாகக் கூடி ஜெபிக்கத் தொடங்கிய நேரத்தில் இடமாற்றக் கடிதம் வருகிறதே, அப்போதும் வருகிறது.

தமிழ்நாட்டிலிருந்து ஒடிசா, ஜார்க்கண்ட், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று போகிற முழுநேர ஊழியர்களில், களத்தின் பட்டினிக்கோ காய்ச்சலுக்கோ பயந்து திரும்புகிறவர்கள் குறைவு. பணம், நேரம், தலைவரோடு மனஸ்தாபம், இடமாற்றம் என்ற நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் ஊழியம் அறுந்துபோகிறது. அறுவதற்கு வெகுநாள் முன்பே ஒரு அடையாளம் தெரியும். அந்த ஊழியர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும் ஐயா" என்று மட்டும் சொல்லத் தொடங்கியிருப்பார். அதைக் கீழ்ப்படிதல் என்று நினைத்துத் தலைவரும் சந்தோஷப்பட்டிருப்பார். உள்ளே இருப்பதை மறைத்துத் தலையாட்டுவது கீழ்ப்படிதல் ஆகாது. உண்மையைச் சொல்லிவிட்டு, அதன்பிறகும் ஒப்புக்கொடுத்துப் போவதுதான் கீழ்ப்படிதல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத இடத்தில் எந்த ஒழுங்குமுறையும் நிற்காது.

"நான் கர்த்தருக்கு மட்டுமே கீழ்ப்படிவேன், மனுஷருக்கு அல்ல" என்ற பேச்சும் காதில் விழும். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு அதைச் சொன்னது, சுவிசேஷத்தைச் சொல்லாதே என்று யூதரின் ஆலோசனைச் சங்கம் தடுத்தபோது. மாத அறிக்கை எழுதச் சொன்னதற்கு அந்த வசனத்தை எடுக்க முடியாது. பவுலும் பர்னபாவும் தாங்களாகக் கிளம்பியவர்கள் அல்ல. அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. பயணம் முடிந்ததும் அதே சபையைக் கூட்டி நடந்ததையெல்லாம் அறிவித்தார்கள் (அப். 14:27). அனுப்பியவர்களிடம் திரும்பி வந்து சொல்வதும் மிஷனெரி வேலையில் ஒரு பாகம் என்பது அங்கேயே இருக்கிறது.

எழுதிவைத்த ஒழுங்கு

1800-ல் வங்காளத்துச் செராம்பூரில் கேரி, மார்ஷ்மேன், வார்ட் ஆகிய ஆங்கிலேய மிஷனெரிகளின் குடும்பங்கள் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழத் தொடங்கியபோது முதல் மாதத்திலேயே விதிகளை எழுதிக்கொண்டார்கள். யாரும் தனக்கென்று வியாபாரம் செய்யக் கூடாது, சம்பாதிப்பதெல்லாம் பொதுப்பணத்தில் சேரவேண்டும். வீட்டு நிர்வாகம் மாதம் ஒருவர் கையில் என்று முறை மாறும். அந்த விதிகளில் அடிக்கடி நினைத்துப் பார்க்கவேண்டியது இன்னொன்று: சனிக்கிழமை மாலையை, அந்த வாரத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு வந்த மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கினார்கள். ஞாயிறு ஆராதனைக்கு முன் அது முடிந்தாக வேண்டும். 1805-ல் எழுதிய உடன்படிக்கையை ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிறன்று ஒவ்வொரு பணித்தளத்திலும் உரக்க வாசிக்கவேண்டும் என்றும் வைத்தார்கள்.

இரண்டும் இன்றைக்கும் அப்படியே செய்யக்கூடியவை. பல மிஷன்களில் விதிப்புத்தகம் சேரும் நாளில் கையெழுத்து வாங்குவதோடு சரி, அதன்பிறகு அது அலமாரியில். பிரச்சினை வந்தபின் எடுத்து, "பதினேழாம் விதியில் இருக்கிறதே" என்று காட்டினால், அது விதியாகத் தெரியாது, வலையாகத் தெரியும். வருஷத்துக்கு மூன்று தடவை எல்லாரும் உட்கார்ந்து வாசித்து, "இதில் நடைமுறைக்கு ஒத்துவராதது எது" என்று கேட்டு, மாற்றவேண்டியதை மாற்றி எழுதுங்கள். வாசிக்க நாற்பது நிமிஷத்துக்குமேல் ஆகிறதென்றால் விதிகள் அதிகமாகிவிட்டன.

சனிக்கிழமைப் பேச்சுக்கு அரைமணி நேரம் போதும். ஒரே வளாகத்தில் இரண்டு குடும்பம் இருந்தால் கணவர் மனைவி நாலு பேரும் உட்காரவேண்டும். பெண்களை விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் பேசித் தீர்த்தது தீர்ந்ததாக இருக்காது. தண்ணீர்க் குழாய், பிள்ளைகள் சண்டை, பைக்கை யார் எடுத்தது என்று பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். ஆறு மாதம் பேசாமல் வைத்திருந்தால் அவைதான் 'ஆவிக்குரிய காரணங்கள்' ஆகிவிடுகின்றன.

நேரம்

பயிற்சி மையத்தில் காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். அதே பழக்கத்தைக் களத்துக்குக் கொண்டுபோய் மூன்று மாதத்தில் உடைந்துபோகிறவர்கள் உண்டு. காரணம் சோம்பல் அல்ல, கணக்குத் தப்பு. மலைக் கிராமங்களில் ஜனங்கள் காட்டிலிருந்து திரும்பி, சமைத்து, சாப்பிட்டு முடிக்க இரவு எட்டாகும். கூடி உட்கார்ந்து பேச அப்போதுதான் நேரம். ஊழியர் வீட்டுக்கு வர பத்து, பத்தரை. நாலு மணிக்கு எழும்பினால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். அது ஒரு வாரம் தாங்கும், ஒரு வருஷம் தாங்காது.

அதனால் எழும்பும் நேரத்தை நிர்ணயிக்குமுன் படுக்கும் நேரத்தை நிர்ணயியுங்கள். பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பி, ஐந்தேகாலிலிருந்து ஆறரை வரை வேதமும் தனி ஜெபமும். மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை படுத்தே ஆகவேண்டும். இதை அட்டவணையில் எழுதிவைப்பது அவசியம், இல்லாவிட்டால் மதியம் படுப்பது குற்ற உணர்ச்சியாகிவிடும். பருவமும் பார்க்கவேண்டும். மார்ச், ஏப்ரலில் இலுப்பைப் பூ விழும் காலத்தில் மத்திய இந்தியாவின் ஆதிவாசிக் குடும்பங்கள் விடியுமுன்னே காட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்து பீடி இலை பறிக்கும் காலம். அந்த வாரங்களில் காலை வீடு சந்திப்புக்குப் போய், பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு "ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று அறிக்கை எழுதக் கூடாது.

வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஞாயிறு ஊழியருக்கு ஓய்வு நாள் அல்ல, ஆகவே திங்களோ செவ்வாயோ எதுவானாலும் எழுதிவைத்து, ஜனங்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஓய்வெடுக்கச் சொல்லும் விதிக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதும் கீழ்ப்படியாமைதான். அதை யாரும் கண்டிப்பதில்லை என்பதால் அது வைராக்கியம் ஆகிவிடாது.

காய்ச்சலைப் பற்றி ஒரு கண்டிப்பு வேண்டும். மலேரியா உள்ள மாவட்டங்களில் காய்ச்சல் வந்த 24 மணி நேரத்துக்குள் இரத்தப் பரிசோதனை. விசுவாசத்தின் பேரிலும் கூடாது, பழைய மாத்திரை மிச்சமிருக்கிறது என்ற பேரிலும் கூடாது, தள்ளிப்போடவே கூடாது. பால்சிபாரம் வகை மலேரியா இரண்டு மூன்று நாளில் மூளையைத் தாக்கிவிடும். கொசுவலை கட்டிப் படுக்கும் விதியைக் களத் தலைவர் வீட்டிலேயே கடைப்பிடிக்கவில்லை என்றால் மற்ற எந்த வீட்டிலும் கடைப்பிடிக்கமாட்டார்கள்.

முதல் வருஷம் வாயை அடக்குதல்

புதிய ஊழியருக்கு மிகவும் கசப்பான கட்டளை, "முதல் வருஷம் பிரசங்கிக்க வேண்டாம், பாஷை படி" என்பதுதான். ஊரில் வாலிபர் கூட்டங்களில் பேசிப் பேர் வாங்கியவருக்கு இது அவமானமாகவே இருக்கும். ஆனால் தப்பாகச் சொல்லிப் பழகிய வார்த்தை பத்து வருஷம் ஆனாலும் நாக்கைவிட்டுப் போகாது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, படித்த ஜெர்மானியப் போதகர். அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித்தான் தொடங்கினார். ஒன்பது வருஷத்தில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

நடைமுறையில் காலை மூன்று மணி நேரம் ஆசிரியரோடு, மாலை மூன்று மணி நேரம் தெருவில். ஆசிரியர் அந்த ஊர்க்காரராக இருக்கவேண்டும், தமிழ் தெரிந்தவராக இருக்கக் கூடாது. நாளுக்குப் பத்து வார்த்தை, அதையும் வாக்கியத்தோடு. தமிழர்களுக்கு ஹிந்தியில் வரும் தடுக்கல் எழுத்தில் தொடங்குகிறது. 'கானா' என்று தமிழில் குறித்துக்கொண்டால் அது சாப்பாடா பாட்டா என்று தெரியாது. ஹிந்தியில் இரண்டுக்கும் முதல் எழுத்தே வேறு. அதனால் முதல் வாரத்திலேயே தமிழ் எழுத்தில் ஹிந்தி எழுதுவதை நிறுத்தி, தேவநாகரிக்கு மாறிவிட வேண்டும். அடுத்தது பால். ரோட்டி பெண்பால், சாவல் ஆண்பால். வார்த்தையைப் படிக்கும்போதே பாலையும் சேர்த்துப் படிக்காவிட்டால் பிறகு வாக்கியம் முழுக்கச் சறுக்கும். ஹிந்தியோடு நின்றுவிடவும் கூடாது. அடுப்படியில் ஜனங்கள் பேசுகிற தாய்மொழி வேறாக இருக்கும். மனந்திரும்புதலைப் பற்றி யாரும் கடைத்தெரு பாஷையில் மனம் திறப்பதில்லை.

டைரியும் அறிக்கையும்

டைரியை அன்றன்றைக்கு இரவு எழுதவேண்டும், ஐந்து வரி போதும். எந்த ஊர், யார் வீடு, என்ன பேச்சு, யாருக்குச் சுகமில்லை, என்ன வாக்குக் கொடுத்தோம். நாலு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதினால் ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலந்ததைச் சரிக்கட்டக் கற்பனை சேரும். பொய் அறிக்கை பெரும்பாலும் பொய் சொல்லும் எண்ணத்தில் பிறப்பதில்லை, எழுதாத டைரியில்தான் பிறக்கிறது.

மாத அறிக்கையில் எண்ணிக்கைக் கட்டம் மட்டும் இருந்தால் எண்ணிக்கைதான் வளரும். அருகில் இருக்கும் பணித்தளத்தில் 'புதிய குடும்பங்கள் 7' என்றால் இங்கே 4 என்று எழுதக் கை கூசும். படிவத்தில் 'இந்த மாதம் நடக்காதது' என்று ஒரு கட்டம் போடுங்கள். நடக்காத கூட்டம், மூடின கதவு, பின்வாங்கிப்போன குடும்பம், ஊழியர் தவறவிட்ட சந்திப்பு எல்லாம் அதில் வரட்டும். அந்தக் கட்டம் மூன்று மாதம் தொடர்ந்து காலியாக வந்தால் களத் தலைவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் எழுதியதை வைத்து யாரையும் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் போதும், பிறகு யாரும் எழுதமாட்டார்கள்.

பணம்

1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கியபோது வைத்த கொள்கை: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். அந்தப் பணத்தின் எடையை ஊழியர் உணரவேண்டும். சமைக்க அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்த பெண்களின் காணிக்கை அது. இன்றைக்கும் மாதம் நூறு ரூபாயைக் கவரில் போட்டுச் சபை ஜெபக் குழுவில் கொடுக்கிற விதவைத் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் மூன்று தனிப் பெட்டிகள் வேண்டும்: ஊழியரின் சொந்தப் படி (மிஷன் மாதாமாதம் தரும் தொகை), பணித்தளச் செலவு, உள்ளூர்ச் சபைக் காணிக்கை. டப்பாவானாலும் சரி, பூட்டு வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றுக் கிடையாது, ஒரு நாளைக்குக்கூட. தவறு எப்படித் தொடங்குகிறது என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பத்தாம் தேதி கடைசி நாள், படி வர தாமதம். பணித்தளப் பணத்தில் 3,000 எடுத்துக் கட்டுகிறார், படி வந்ததும் வைக்கிறார். இரண்டாம் தடவை பாதியைத்தான் வைக்கிறார். மூன்றாம் மாதம் ஒரு வவுச்சரில் 200 என்பது 500 ஆகிறது. திருடவேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. இதற்கு மருந்து கண்டிப்பு மட்டுமல்ல. அவசரத்துக்கு முன்பணம் கேட்க வெட்கப்படவேண்டாத ஒரு வழியை மிஷன் வைத்திருக்க வேண்டும். கேட்ட இரண்டு நாளில் பதிலும் வரவேண்டும். படியைத் தேதி தவறாமல் அனுப்பாத அலுவலகத்துக்குக் கணக்கைத் தேதி தவறாமல் கேட்கும் வாய் இருக்காது.

வவுச்சரில் தேதி, தொகை எண்ணிலும் எழுத்திலும், காரணம், பெற்றவர் கையெழுத்து. கைநாட்டு என்றால் பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டவேண்டும். டிக்கெட் தராத ஜீப், ஷேர் ஆட்டோ செலவுக்கு ஊழியரே எழுதும் வவுச்சரில் எங்கிருந்து எங்கே என்பதைக் குறிக்கவேண்டும். 'பயணம் - 850' என்று மொத்தமாக வரும் வவுச்சரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கணக்கை மாதக் கடைசி நாளில் முடித்து, கையிருப்பை எண்ணி, எண்ணிய தொகையை எழுத வேண்டும். கணக்குப்படி இருக்கவேண்டியதை எழுதக் கூடாது. வித்தியாசம் இருந்தால் வித்தியாசம் என்றே எழுதவேண்டும்.

காணிக்கையை ஆராதனை முடிந்ததும் அங்கேயே உள்ளூர் விசுவாசிகள் இருவர் எண்ணி, பதிவேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஊழியர் எண்ணக் கூடாது. பவுல் எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது, தன்மேல் யாரும் குற்றம் சொல்ல இடம் வராதபடி வேறு சகோதரர்களைக் கூட அழைத்துப் போனார் (2 கொரி. 8:20). பவுலுக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது.

ஊருக்கு விடுமுறையில் வரும்போது, கூட்டம் முடிந்து கைகுலுக்கும்போது உள்ளங்கையில் வைத்துத் தரும் பணம் ஒரு தனிச் சோதனை. "இது உங்களுக்குத்தான் பிரதர், ஆபீசுக்குச் சொல்லவேண்டாம்" என்பார்கள். கொடுப்பவரின் அன்பு நிஜம். ஆனால் பேசத் தெரிந்த ஊழியருக்கு இப்படி நிறைய வரும், பேசத் தெரியாத நல்ல ஊழியருக்கு வராது. ஒரே பணித்தளத்தில் இரண்டு வாழ்க்கைத்தரம் உண்டாகிவிடும். ஒரு தொகைக்கு மேல் வந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கும் விதி வேண்டும். அந்தத் தொகையை ஊழியர்களே கூடி முடிவு செய்யட்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் சட்டமே கடுமையானது. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்பு, டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இங்கே நம் ஆட்கள் அடிக்கடி இடறுவது ஒரு நுட்பத்தில். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன், அக்கா ஊழியத்துக்கென்று தருவது வெளிநாட்டு நன்கொடை. "என் சொந்த அண்ணன்தானே" என்று சொந்தக் கணக்கில் வாங்கிப் பணித்தளத்தில் செலவழித்தால், ஒருவருடைய கீழ்ப்படியாமை அமைப்பு முழுவதையும் ஆபத்தில் தள்ளும்.

போன், படம், சட்டம்

ஒடிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வந்தன. இப்போது வேறு பல மாநிலங்களிலும் இருக்கின்றன. குஜராத்தின் 2003 சட்டத்தின்படி, மதமாற்றச் சடங்கை நடத்துகிறவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கவேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் படிவமும் கெடுவும் வேறு. தான் இருக்கும் மாநிலத்தின் சட்டத்தை ஊழியர் தன் மொழியில் ஒருமுறையாவது முழுதாக வாசித்திருக்க வேண்டும். ஞானஸ்நானத்தைத் தனியாக முடிவு செய்யவும் கூடாது. உதவிப் பொருள் கொடுக்கும் நாளில் பிரசங்கம் இல்லை, பிரசங்க நாளில் உதவிப் பொருள் இல்லை என்ற விதியைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் வைப்பதில்லை. அரிசி மூட்டைக்கு அருகில் நின்று எடுக்கும் தீர்மானம் அந்த மனிதருக்கே நியாயமல்ல.

ஞானஸ்நானப் படத்தை, காணிக்கையாலும் ஜெபத்தாலும் ஊழியத்தைத் தாங்குபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது பத்து நிமிஷத்தில் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊழியர் ரயிலேறிப் போய்விடலாம், படத்தில் இருப்பவர் அதே ஊரில்தான் இருக்கவேண்டும். ஜெபக் குறிப்பில் ஊர்ப் பெயர், முழுப் பெயர் வேண்டாம். படம் இல்லாவிட்டால் காணிக்கை குறையும் என்ற பயம் அலுவலகத்துக்கு இருக்கிறது. அந்தப் பயத்தைத் தலைமைதான் சுமக்கவேண்டும், களத்தில் தள்ளிவிடக் கூடாது.

எங்கே 'மாட்டேன்' என்று சொல்லவேண்டும்

எண்ணிக்கையைக் கூட்டி எழுதச் சொன்னால், வெற்று வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், செலவாகாததைச் செலவு என்று காட்டச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லவேண்டும். சொன்ன அன்றைக்கே எழுத்திலும் வைக்கவேண்டும். விடுதியில் ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால், "ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரும், உள்ளுக்குள் பார்த்துக்கொள்வோம்" என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கடமை. தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். இதில் தலைவர், பேராயர், ஸ்தாபகர் என்ற பேதம் இல்லை. களத் தலைவரைத் தாண்டிப் புகார் சொல்லும் ஒரு வழி, ஒரு பெண் உறுப்பினரின் தொலைபேசி எண்ணோடு, ஒவ்வொரு பணித்தளச் சுவரிலும் இருக்கவேண்டும்.

மனசாட்சிக் கருத்துவேறுபாடு இதிலிருந்து வேறு. அதற்குத் திருநெல்வேலியே ஒரு பாடம். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர் லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர், அவரை அனுப்பிய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் சங்கம். கிராமச் சபைகளில் போதித்த உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்களுக்கு யார், எந்த முறையில் குருப்பட்டம் கொடுப்பது என்ற கேள்வி வருஷக்கணக்கில் தீராமல் கிடந்தது. ஆங்கிலிக்கன் ஒழுங்குகளை விமர்சித்து அவர் அச்சில் எழுதியதும், 1835-ல் சங்கம் அவரை விலக்கியது. அவர் வெளியேறினார். ஜனங்களும் உபதேசியார்களும் அழைத்ததால் திரும்பி வந்தார். கிராமச் சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838-ல் அவர் மரித்தபின்புதான் பிளவு ஆறத் தொடங்கியது. இரேனியஸின் உழைப்பைத் திருநெல்வேலித் திருச்சபை நன்றியோடு நினைக்கிறது, நினைக்கவும் வேண்டும். யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடலாம். விலை கொடுத்தது யார் என்பதில் வாதமில்லை: இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்ற உபதேசியார்களும், அப்போதுதான் விசுவாசத்துக்கு வந்திருந்த குடும்பங்களும்.

அதனால் ஞானஸ்நான முறை, திருவிருந்தை யார் கொடுப்பது, அந்நியபாஷை, பெண்கள் பிரசங்கிப்பது போன்றவற்றில் ஊழியரின் நிலை என்ன, மிஷனின் நிலை என்ன என்பதை அனுப்புமுன் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விடக்கூடாத இடம் இது. பிறகு வேறுபாடு வந்தால் நேரில் சொல்லலாம், கடிதமாக எழுதலாம், மேல் கமிட்டியிடம் போகலாம். அதற்கும் பிறகு ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் ராஜினாமா செய்து, வேறு ஊருக்குப் போய் ஊழியம் செய்யலாம். அதே கிராமத்தில் அடுத்த தெருவில் புதுப் பலகை மாட்டுவது மட்டும் வேண்டாம்.

தலைவரின் பங்கு

1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா, வெளிநாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றைக்குத் தமிழ் ஊழியரும் தமிழ்க் களத் தலைவரைப் பார்த்துக் கேட்கலாம், ஆதிவாசிச் சுதேச ஊழியரும் தமிழ் மிஷனெரியைப் பார்த்துக் கேட்கலாம். தலைவர் நாற்காலியில், ஊழியர் நின்றுகொண்டு, சுதேச ஊழியர் வாசலில் என்று இருக்கிற இடத்தில் உண்மையான அறிக்கை வராது.

களத் தலைவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு குடும்பத்தோடும் ஓர் இரவு தங்கவேண்டும். கணக்குப் பார்க்கப் போகும் நாள் வேறு, தங்கும் நாள் வேறு. களக் கூட்டத்தில் முதலில் வாசிக்கவேண்டியது தலைவரின் அறிக்கை, 'நடக்காதது' கட்டத்தோடு.

கண்டிக்கவேண்டி வந்தால் முதலில் தனியாக, வாயால். இரண்டாவது, எழுத்தில், ஒரு சாட்சியோடு, என்ன மாறவேண்டும், எத்தனை நாளில் என்று குறிப்பிட்டு. மூன்றாவது, பொறுப்பிலிருந்து சில காலம் நிறுத்துதல். அப்போதும் குடும்பத்துக்கான படி நிற்கக் கூடாது, பிள்ளைகள் தண்டனை அனுபவிக்கக் கூடாது. நிறுத்திவைப்பது எப்போது முடியும், யார் கூட நடப்பார் என்பது முதல் நாளிலேயே கடிதத்தில் இருக்கவேண்டும். மாற்கு என்னும் யோவான் பம்பிலியாவில் விட்டுப் போனான். பவுல் அவனை அடுத்த பயணத்துக்குச் சேர்க்க மறுத்தார். அதே பவுல், கடைசிக் கடிதத்தில் அவனை அழைத்து வரச் சொல்கிறார், எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று. இடையில் பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குப் போயிருந்தார். கமிட்டியில் பவுல்கள் நிறையக் கிடைப்பார்கள், ஒரு பர்னபாவையாவது தேடி வைத்திருங்கள்.

மேகம் எழும்பும்போது

எண்ணாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் மேகம் வாசஸ்தலத்தின்மேல் இரண்டு நாளோ, ஒரு மாதமோ, ஒரு வருஷமோ தங்கும், எழும்பும்போது ஜனங்கள் புறப்படுவார்கள். கூடாரத்தில் இருந்தவர்களுக்கு அது நாளைக்கா, அடுத்த வருஷமா என்று தெரியாது. இடமாற்றத்தைப் பற்றி இதைவிட நெருக்கமான பகுதி வேதத்தில் இல்லை. ஆனால் கமிட்டி மேகம் அல்ல. கமிட்டி தப்பும் செய்யும், அதனால் கேட்கவும் கடமைப்பட்டது.

ஆர்டர் போடுமுன் தலைவர் நேரில் போய்க் கணவர், மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லவேண்டும். கணவருக்குப் போனில் சொல்லி, அவர் மனைவிக்குச் சொல்லி, அதிலேயே பாதிக் கசப்பு உண்டாகிறது. பிள்ளைகளின் பள்ளி வருஷம் பார்க்கவேண்டும். வடக்கே சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும், தமிழ்நாட்டில் ஜூனில். இதைப் பார்க்காமல் ஜூலையில் ஆர்டர் போட்டால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். ஊழியருக்கு மறுப்பிருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தரட்டும். கமிட்டி பதினான்கு நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் தரட்டும். அந்தப் பதில் வந்தபின் புறப்பட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஊர்ச் சபை மூப்பர்களிடமும் தாங்குபவர்களிடமும் போன் போட்டு முறையிடுவது ஒழுங்கல்ல.

பொறுப்பு ஒப்படைக்கப் பதினான்கு நாளாவது வேண்டும். வருகிறவரும் போகிறவரும் அந்த நாட்களில் ஒன்றாக இருக்கவேண்டும். வாடகை ஒப்பந்தம், சாவிகள், வங்கிப் புத்தகம், கேஸ் புத்தகம், பைக் ஆர்.சி., காணிக்கைப் பதிவேடு இவையெல்லாம் ஒரு நாள் வேலை. மீதி நாட்கள் வீடு வீடாகப் போவதற்கு. காகிதத்தில் இல்லாதவற்றை ஒப்படைப்பதுதான் கஷ்டம்: எந்த இரண்டு குடும்பங்கள் பேசிக்கொள்வதில்லை, யாருக்குக் கடன் இருக்கிறது, யார் இரவில் மட்டும் வந்து ஜெபிக்கக் கேட்பார், யாருடைய மகனுக்கு ஐ.டி.ஐ.யில் இடம் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். கொடுத்த வாக்குகளைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். புதியவர் வந்த இரண்டாம் மாதம் வரும் "பழைய பாயி தர்றேன்னு சொன்னாரே" என்ற பேச்சு ('பாயி' என்றால் ஹிந்தியில் சகோதரர்), அந்தத் தாள் இல்லாததால் வருவது.

விடைபெறும் நாளில் புதியவருக்காக ஜனங்கள் முன்னிலையில் போகிறவரே ஜெபிக்கட்டும். அதன்பிறகு ஆறு மாதம் அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் போன் பண்ணக் கூடாது. அவர்கள் பண்ணினால் சுகம் விசாரித்து, "இதை அங்கே இருக்கிற பாயியிடம் கேளுங்கள்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். தன் கையால் ஞானஸ்நானம் கொடுத்த பெண் அழுதுகொண்டு பேசும்போது அப்படிச் சொல்ல நெஞ்சு வலிக்கும். சொல்லாமல் அரைமணி நேரம் ஆறுதல் பேசினால், புதியவர் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போக இன்னொரு வருஷம் ஆகும். ஆறு மாதம் கழித்து, புதியவர் அழைத்தால், ஒரு பண்டிகைக்கு விருந்தாளியாகப் போகலாம். அன்றைக்குப் பிரசங்கம் புதியவருடையது.